விட்டதைப் பிடி

மயிலிறகு பயர் ஒர்க்ஸ் முதலாளி சங்கரலிங்கத்தின் அறையில் மின்விசிறி ஓடிய வேகத்துக்கு, மேஜைமேல் இருந்த புகார் மனு இரண்டு தரம் பறந்து வந்து மொக்கைச்சாமியின் மடியில் விழுந்தது. இரண்டு தரமும் நல்ல பிள்ளையாக எடுத்து மேஜையில் வைத்தான். மூன்றாம் தரம் விழுந்தபோது, தானாக வந்த சீதேவியை உதைத்துத் தள்ளக் கூடாது என்று படித்தே விட்டான்.

மனு சுத்தமான தமிழில் இருந்தது. கம்பெனியின் அலுவலகப் பணியாளர் பாண்டிச்செல்வி என்பவர், எதிர்க் கம்பெனி ஒன்றின் தூண்டுதலால், கம்பெனியின் செல்போன் ஆப்பில் இருந்த தீபாவளி ஆர்டர்கள் அனைத்தையும் நேற்று மாலை வேண்டுமென்றே அழித்துவிட்டார். தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும். கமா, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாம் அததன் இடத்தில் மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

"சீனிவாசகம், அந்தப் பேனைக் கொற" என்றார் முதலாளி.

மனுவை எழுதிய மேனேஜர் சீனிவாசகம் எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகினார். பட்டிமன்றங்களுக்கு நடுவராகப் போகிறவர். போன வாரம் இருக்கன்குடிக் கோயிலில் போட்ட மொட்டை ட்யூப்லைட் வெளிச்சத்தில் பளபளத்தது.

எதிரே நாற்காலியில் லட்சுமிகாந்தம் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தொழில் துப்பறிவது. சிவகாசியில் அந்தத் தொழிலுக்கு அர்த்தம், வருஷத்தில் முக்கால்வாசி நாள் மாப்பிள்ளை விசாரணை: பையன் குடிப்பானா, சீட்டாடுவானா, தலைமுடி சொந்த முடிதானா. நிஜக் கேஸ் வருவது அத்தி பூத்தாற்போல. மொக்கைச்சாமி அவருடைய உதவியாளன், முன்னாள் மினிபஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் மொக்கை ஜோக்தான் வரும். பெயருக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து.

"இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. எப்பத் தெரிஞ்சது?" என்றார் லட்சுமிகாந்தம்.

"காலையில ஆப்பைத் தொறந்தா, களுவிக் கவுத்த கும்பா மாதிரி இருக்கும்மா! சீசன் நேரத்துல! வடக்க உள்ளவுக, கேரளாக்காரக, அம்புட்டு ஏஜென்ட்டு ஆர்டரும் போச்சு. இந்தா நிக்கிறாளே, இவ போன்ல இருந்துதான் அளிஞ்சிருக்கு. இவ அக்கா மாப்பிள்ளை எங்கன வேலை பாக்குறான் தெரியுமா? எதிர்க் கம்பெனியில லோடுமேன். கூட்டிக் களிச்சுப் பாத்தா கணக்கு வருதா இல்லையா?"

சுவரோரம் பாண்டிச்செல்வி நின்றாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசு இருக்கும். அவள் அம்மா குருவம்மாள் இதே கம்பெனியில் திரி வைக்கிற அறையில் வேலை பார்க்கிறாள். அந்தக் குடும்பத்தில் வெடிமருந்துத் தூசி படாத அறைக்கு வேலைக்கு வந்த முதல் ஆள் இவள்தான். அவள் அழவில்லை. அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்ததும் அதைவிடப் பெரிய வேலை செய்தாள்.

"நேத்து என்ன நடந்துச்சு? நீ சொல்லு தாயி."

"எல்லா ஆர்டரையும் இன்னைக்கே முடிச்சு விட்டுருன்னு மொதலாளி சொன்னாக. எப்பவும் ஒண்ணு ஒண்ணாத்தான் அனுப்புவேன். நேத்து நேரமாயிருச்சேன்னு, எல்லாத்தையும் மொத்தமாத் தொட்டு எடுத்தேன். கீள இருந்து ஒரு மெனு வந்துச்சு. அளிக்கவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன்."

முதலாளி மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். "பாத்தீகளா! அளிக்கவான்னு கேட்டுச்சாம், ஆமான்னு அமுக்குனாளாம். அவ வாயாலயே சொல்லிட்டா!"

"ஆமா மொதலாளி. நீங்க சொன்னதைத்தான செஞ்சேன்?"

"நான் அளிக்கச் சொன்னேனா?"

"ஆமா."

இத்தனை சுறுசுறுப்பாகக் குற்றத்தை ஒப்புக்கொள்கிற ஆளை மொக்கைச்சாமி தன் சர்வீஸில் பார்த்ததில்லை. டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவன்கூட ஒரு ஸ்டாப் தூரமாவது சாதிப்பான்.

லட்சுமிகாந்தம் மட்டும் அசரவில்லை. "ஆமான்னு அமுக்கின பெறகு?"

"கீள ஒரு ரம்மி விளம்பரம் வந்துச்சுக்கா. தள்ளிவிட்டுட்டு, ஆபீஸைப் பூட்டிட்டுக் கெளம்பிட்டேன்."

"ரம்மி விளம்பரமா?"

"விட்டதைப் பிடின்னு போட்டிருந்துச்சு."

"பொய்!" என்றார் முதலாளி. "என் ஆப்புல ரம்மி எங்கன இருந்து வரும்? ஒரு இங்கிலீசு வார்த்தை கெடையாதும்மா அதுல. போன வாரம்தான் அம்புட்டும் நம்ம ஊருக்குப் புரியுற தமிள்ல மாத்தியாச்சு. கண்ணு தெரிஞ்ச யாருக்கும் புரியும்."

"சரி. ஆர்டர் போச்சுன்னு எத்தனை ஏஜென்ட்டுக கூப்பிட்டுத் திட்டுனாக?"

"ஒருத்தன்கூட இல்ல. அதான் வயித்தெரிச்சல்! ஆர்டர் அளிஞ்சா அந்த ஆப்பே அவுகளுக்கு மெசேஜ் அனுப்பிரும். அம்புட்டுப் பேருக்கும் போயிருக்கும். ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலையே! முன்னாடியே எல்லாரையும் வளைச்சுட்டான் எதிர்க் கம்பெனிக்காரன்."

"நீங்க கூப்பிட்டுக் கேட்டீகளா?"

"நான் எதுக்குக் கூப்பிடணும்? இந்த ஆப்பைச் செஞ்ச விருதுநகர்ப் பய செளியன் இருக்கானே, அவனும் இதுல கூட்டு. காலையில இருந்து போன் மேல போன் போடுறான். நான் எடுப்பேனா?"

அப்போது லாரி ஆபீஸிலிருந்து ஏதோ செய்தி வந்தது. முதலாளி போனை வாயருகே கொண்டுபோய், அதிரசத்தைக் கடிக்கப் போகிறவர் மாதிரி பிடித்துக்கொண்டு, "இன்னைக்கு வண்டி வேண்டாம்லே, நாளைக்குச் சொல்றேன்" என்று சத்தமாகச் சொல்லி அனுப்பினார். பிறகு லட்சுமிகாந்தத்தைப் பார்த்தார். "இவளை வளைச்சது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. சாயந்தரம் புகாரு ஸ்டேஷனுக்குப் போகுது. அந்தப் பேரையும் சேத்து எளுதணும்."

வெளியே கேட்டருகில் குருவம்மாள் தூக்குவாளியோடு நின்றாள். மகளுக்குக் கொண்டுவந்த காலைச் சோற்றை உள்ளே விட வாட்ச்மேன் மறுத்துவிட்டார். வேலைக்கும் இன்று அவளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"எம் மக அப்பிடிச் செய்ய மாட்டாம்மா. அவளை இந்த மருந்துக்குள்ள விடக் கூடாதுன்னுதான் நான் இம்புட்டு வருசமா அதுக்குள்ள கெடந்தேன். ஸ்டேஷன்ல பேரு ஏறிட்டா, பெறகு அவளுக்கு எந்த ஆபீசுல நாற்காலி போடுவாக?"

மொக்கைச்சாமி வழக்கம்போல ஒரு ஜோக்கைத் தேடிப் பார்த்தான். கிடைக்கவில்லை. ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான்.

ஆனைக்குட்டம் போகும் விலக்குச் சாலையைத் தாண்டும்போது கேட்டான். "துப்பு ஏதாச்சும் சிக்குச்சா மேடம்?"

"ரெண்டு சிக்குச்சு. ஒண்ணு, ரம்மி விளம்பரம். இன்னொண்ணு, திட்டாத வியாபாரிக."

"திட்டாம இருக்குறது நல்ல கொணம்தான?"

"ஒரு பொட்டி கொறஞ்சா உன் பரம்பரையவே இளுப்பாக. மொத்த ஆர்டரும் போயிருக்கு, ஒருத்தர்கூடத் திட்டல. விருதுநகருக்கு விடு. அங்கன செல்லக்கனி அக்கா கடை இருக்கு. அவுக மயிலிறகுக்குப் பளைய கஸ்டமர்."

செல்லக்கனியின் பட்டாசுக் கடை விருதுநகர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்தது. கடையில் பாதி இடத்தைக் காலிசெய்து கூட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். இவர்களைப் பார்த்ததும் அந்தம்மாள் முகம் மலர்ந்தது.

"வாங்க வாங்க, சாப்பிட்டீகளா? சிவகாசியில இருந்தா வர்றீக? மயிலிறகு லோடு எப்ப ஏறுதுன்னு கேட்டீகளா? எடத்தை ஒதுக்கி வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

லட்சுமிகாந்தமும் மொக்கைச்சாமியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உங்க ஆர்டர் போயிருச்சுன்னு மெசேஜ் வரலையாக்கா?"

"வந்துச்சே. நேத்துச் சாயந்தரமே வந்துருச்சு." செல்லக்கனி போனை எடுத்து நீட்டினாள்.

மொக்கைச்சாமி எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தான். "உங்கள் ஆர்டர் அளிக்கப்பட்டது நன்றி. அடப்பாவிகளா, அளிச்சதுக்கு நன்றி வேறயா!"

"மொக்கை."

"மேடம்?"

"வாயால படிக்காத. கண்ணால படி."

அவன் மறுபடி படித்தான். விரலை வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினான். மூன்றாவது முறை அவன் விரல் 'அளிக்கப்பட்டது' என்பதன் இரண்டாவது எழுத்தில் நின்றுவிட்டது. அங்கே இருந்தது 'ழ' இல்லை. பள்ளிக்கூடத்தில் சின்னசாமி வாத்தியார் பிரம்பால் முழங்காலில் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்த அந்த வித்தியாசம் இருபத்தைந்து வருஷம் கழித்து அவனைத் தேடிக்கொண்டு விருதுநகர் வந்திருந்தது. அழிக்கப்பட்டது என்றால் துடைத்துப் போட்டாயிற்று. அளிக்கப்பட்டது என்றால் கொடுத்தாயிற்று. காகிதத்தில் இரண்டும் கீரியும் பாம்பும். இந்தப் பக்கத்து வாயில் மட்டும் ஒன்றுக்குள் ஒன்று.

"குடுத்தாச்சுன்னு நன்றியும் போட்டு அனுப்பியிருக்காக. பெறகு நான் ஏன் திட்டப் போறேன்?" என்றாள் செல்லக்கனி.

சந்தைத் தாண்டி ஸ்கூட்டரைத் திருப்பினான் மொக்கைச்சாமி. பிறகு, "அப்ப அந்தப் புள்ள காலையில சொன்னது..." என்று இழுத்தான்.

"குத்தத்தை ஒத்துக்கலைடா. ஸ்கிரீன்ல இருந்ததை அப்பிடியே படிச்சா. லோடிங்குக்குக் குடுக்கவான்னு கேக்குதுன்னு நெனச்சிருக்கா. ஆமான்னு அமுக்குனா. நம்ம காதுலதான் தப்பு. சரி, செளியனைப் பாப்போம்."

செழியனின் ஆபீஸ் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக்கு மாடியில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் மொக்கைச்சாமிக்குத் தும்மல் பிடித்துக்கொண்டது. செழியன் கண்ணாடி போட்ட ஒல்லி ஆள். பழகிப் போனதாலோ என்னவோ தும்மவில்லை. விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஆர்டர் எங்கேயும் போகலக்கா! ஆப்புக்குள்ளயே குப்பைக்கூடையில கெடக்கு. ஒரு அமுக்கு அமுக்குனா திரும்பி வந்துரும். அதைச் சொல்லத்தான் காலையில இருந்து கூப்பிடுறேன். மொதலாளி எடுக்கவே மாட்டேங்கிறாக."

"நீயும் கூட்டுன்னு நெனைக்கிறாக."

"நானா! நான் மத்தாப்பு வித்துப் பொளைக்கிறவன்க்கா."

"இந்த ஊர்ல எல்லாரும் அதைத்தான விக்கிறாக" என்றான் மொக்கைச்சாமி, தும்மலுக்கு நடுவே.

மத்தாப்பு என்பது செழியன் கட்டி வைத்திருக்கும் சரக்கின் பெயர். ஆப் செய்கிறவர்களுக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் அதில் செய்து தயாராக இருக்கும்: அமுக்குகிற பட்டன், தள்ளிப் பார்க்கிற பட்டியல், கீழேயிருந்து எழும்பி வரும் மெனு, 'செய்யவா?' என்று ஒரு தரம் கேட்டுக்கொள்ளும் பெட்டி. கதவு, ஜன்னல், நிலை எல்லாம் கடையில் வாங்கிக்கொண்டு வந்து வீட்டைக் கட்டுவது மாதிரி. செழியன் போனை நீட்டிக் காட்டிக்கொண்டே போனான்.

"இது தேதிப் பொட்டி. ராகுகாலம் மட்டும் சாம்பல் கலர்ல இருக்கும். அமுக்குனா அமுங்காது."

"எமகண்டம்?"

"அதுக்குத் தனிச் சுவிட்சு. இஷ்டம்னா போட்டுக்கலாம். இது பாருங்க, தகவல் வர்ற வரைக்கும் வெறும் கட்டம் கட்டமாத் தெரியும்."

"எலை போட்டுட்டாக, சோறு வரல" என்றான் மொக்கைச்சாமி.

"சரியாச் சொன்னீக! அதான் அது."

லட்சுமிகாந்தம் கையைத் தூக்கினார். "எளுத்துக்கு வா."

"அதுதான்க்கா இதுல விசேசமே. எல்லா எளுத்தும் ஒரே எடத்துல இருக்கும். அங்கன ஒரு வார்த்தையை மாத்துனா, ஆப்பு பூரா மாறிரும். இங்கிலீசு, தமிள், மலையாளம், எது வேணும்னாலும் போட்டுக்கலாம். கோடு எளுதத் தெரியணும்னு அவசியமில்ல. அதுக்குன்னு ஒரு பக்கமே குடுத்திருக்கேன்."

அவன் கொடுத்தபோது இருந்ததைத் திரையில் கொண்டுவந்தான். அழி. அழிக்கவா? அழிக்கப்பட்டது. பக்கத்தில் இப்போது இருப்பதைக் கொண்டுவந்தான். அளி. அளிக்கவா. அளிக்கப்பட்டது நன்றி.

"கீள வருமே ஒரு பட்டை, அதுல என்ன எளுதியிருந்த?"

"எதையாச்சும் தெரியாம அளிச்சுட்டா, அதைத் திருப்பி எடுக்க ஒரு சின்னப் பட்டை கீள வரும். கொஞ்ச நேரம் நின்னுட்டு மறைஞ்சிரும். 'மீட்டெடு'ன்னு எளுதியிருந்தேன். இப்ப பாத்தா..." செழியன் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினான். "விட்டதைப் பிடி."

"பாவி மக" என்றான் மொக்கைச்சாமி. "கையில வந்த கவுறை விளம்பரம்னு தள்ளி விட்டுட்டாளே!"

"அவளைச் சொல்லாத" என்றார் லட்சுமிகாந்தம். "நானா இருந்தாலும் தள்ளித்தான் விட்டிருப்பேன். எளுத்தை மாத்துற பக்கத்துக்குச் சாவி யாருகிட்ட இருக்கு?"

"என்கிட்ட இருக்கு. சீனிவாசகம் சார்கிட்ட இருக்கு. மொதலாளிகிட்ட இருக்கு. மூணு பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. யாரு மாத்துனாங்கன்னு அதுல பதியாது."

மொக்கைச்சாமி தொடையில் தட்டினான். "மேடம், ஆளு சிக்கிட்டான்! அந்த மொட்டைதான். ரெண்டு எளுத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஒரே ஆளு அந்தக் கம்பெனியில அவருதான். பாண்டிச்செல்வி சீட்டுக்குத் தன் மச்சான் மகளைக் கொண்டுவரப் பாத்தாராம், வாட்ச்மேன் சொன்னான். வேணும்னே எளுத்தை மாத்தி வச்சு, புள்ள காலை வாரிவிட்டு, அவரே புகாரும் எளுதி... அடடா, பட்டிமன்றத்துக்குப் போற மூளை சும்மா இருக்குமா!"

லட்சுமிகாந்தம் செழியன் பக்கம் திரும்பினார். வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். "செளியா, பட்டியல் காலியா இருந்தா என்ன தெரியும்?"

"அதுக்கும் ஒரு துண்டு இருக்குக்கா. நடுவுல ஒரு படம், கீள சின்ன எளுத்துல 'இங்கு ஆர்டர் எதுவும் இல்லை'ன்னு ஒரு வரி. ஆனா பட்டியல் ஒட்டக் காலியானாத்தான் அது வரும். சீசன் நேரத்துல அதை யாரு பாக்கப் போறா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு லட்சுமிகாந்தம் எழுந்தார். "மொக்கை, வண்டியை எடு. புகாரு போறதுக்குள்ள போகணும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சீனிவாசகம் மனுவை உறைக்குள் போட்டு முடித்திருந்தார். பாண்டிச்செல்வி காலையில் நின்ற அதே இடத்தில் நின்றாள். லட்சுமிகாந்தம் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிக் குருவம்மாளையும் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். முதலாளி முகத்தைச் சுளித்தார்.

"யாருன்னு கண்டுபிடிச்சாச்சாம்மா?"

"கண்டுபிடிச்சாச்சு. ஒரு சின்ன வேலை பாக்கி." ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்துப் பாண்டிச்செல்வியிடம் கொடுத்தார். "ஆப்பு உன்கிட்ட என்ன கேட்டுச்சுன்னு சொல்லாத தாயி. எளுது."

அவள் குனிந்து எழுதி நீட்டினாள். அதை வாங்கிய சீனிவாசகம் திடுக்கிட்டார்.

"முதலாளி, இது ழகரம் அல்ல, ளகரம்!"

"ரெண்டும் ஒண்ணுதானய்யா."

"ஒன்றல்ல முதலாளி. 'ஆர்டரைக் கொடுக்கவா' என்றல்லவா இது கேட்டிருக்கிறது! 'ஆம்' என்றுதானே யாரும் சொல்வார்கள்?" சொல்லும்போதே அவர் குரல் இறங்கிக்கொண்டே போனது. அவர் எழுதிய மனு அவர் கையிலேயே இருந்தது.

முதலாளி தாளைப் பிடுங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குருவம்மாளுக்கு எழுத்து தெரியாது. ஆனால் மேனேஜர் முகத்தைப் படிக்கத் தெரிந்தது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா நடிக்கிறீகளே சார்!" என்று மொக்கைச்சாமி முன்னால் வந்தான். "அந்த எளுத்தை மாத்துனதே நீங்கதான?"

"நானா?" சீனிவாசகத்தின் மொட்டை சிவந்துவிட்டது. மச்சான் மகள் கதைக்குக்கூட அவர் அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டார். "அங்கே என்ன எழுதியிருந்தது? 'அளிக்கவா'. கேள்விக்குறி எங்கே? கேள்விக்குறி இல்லாமல் நான் ஒரு கேள்வி எழுதுவேனா? என் கை விழுந்துவிடாதா?"

"விளுந்துரும்" என்றார் லட்சுமிகாந்தம். "அதனாலதான் அவரு இல்லன்னு எனக்குத் தெரிஞ்சது. புகாரைப் பாத்தேன், ஒரு கமா பிசகல. 'அளிக்கப்பட்டது நன்றி'ன்னு நடுவுல புள்ளி வைக்காம அவரு எளுதமாட்டாரு. செளியனும் எளுதல, அவன் போட்ட எளுத்து சரியாத்தான் இருந்துச்சு. மொக்கை, கேள்விக்குறி போடாம எளுதுற ஆளு யாரு?"

"படிக்காத ஆளு."

"இல்ல. எளுதாத ஆளு. வாயால சொல்லி, போனை எளுத வைக்கிற ஆளு. போனுக்கு ரெண்டு வார்த்தையும் தெரியும். அது காதுல எது விளுந்துச்சோ அதைப் போட்டுக்கிரும். கேள்விக்குறியெல்லாம் நீங்க சொன்னாத்தான் போடும்."

தலைக்கு மேலே மின்விசிறி சத்தம் போட்டுச் சுழன்றது. முதலாளி தன் போனை மெல்ல எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஊர்ல எம்புட்டுப் பேரு போன்ல பேசி எளுதுறான்" என்றார். "அதுக்காக?"

"அதுக்காக இல்ல அண்ணாச்சி." லட்சுமிகாந்தம் பாண்டிச்செல்வியின் போனை வாங்கி ஆப்பைத் திறந்தார். காலியான பட்டியல் வந்தது. நடுவில் ஒரு காலிப் பெட்டியின் படம், அதற்குக் கீழே பொடி எழுத்தில் இரண்டு வரி. "காலையில இருந்து எல்லாரும் இந்தப் பக்கத்தைப் பாத்துட்டு நெஞ்சைப் பிடிச்சீகளே தவிர, கீள என்ன போட்டிருக்குன்னு யாரும் படிக்கல. மேனேஜர் சார், நீங்க படிங்க. உங்க உச்சரிப்புதான் சுத்தம்."

சீனிவாசகம் தொண்டையைச் செருமிக்கொண்டு, பட்டிமன்றத்தில் தீர்ப்புப் படிக்கிற கணீர்க் குரலில் படித்தார்.

"இங்கன ஆர்டர் எதுவும் இல்ல சீனிவாசகம் அந்த பேனை குறை நான் தமிழ் பேசிக்கிட்டு இருக்கேன்ல."

சீனிவாசகம் போனைப் பார்த்தார், தலைக்கு மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தார், பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"பேனைக் கொறைக்கத்தான் மொட்டை போட்டீகளா சார்?" என்றான் மொக்கைச்சாமி.

முதலாளி நாற்காலியில் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். "நம்ம ஊருச் சனத்துக்குப் புரியணுமேன்னு..." என்று ஆரம்பித்தார். பிறகு நினைவு வந்தவராக நிமிர்ந்தார். "அப்ப ஆர்டரு? ஏஜென்ட்டுக?"

"ஆர்டர் குப்பைக்கூடையில பத்திரமா இருக்கு. செளியன் போனை எடுத்திருந்தா காலையிலயே முடிஞ்சிருக்கும். ஏஜென்ட்டுக எங்கயும் போகல. ஆர்டர் குடுத்தாச்சுன்னு உங்க ஆப்பே நன்றி சொல்லி அனுப்பியிருக்கு. செல்லக்கனி அக்கா கடையைக் கூட்டி வச்சுட்டு உக்காந்திருக்காக. அந்த மெசேஜ்ல மட்டும் எளுத்து சரியா இருந்திருந்தா, இந்நேரம் அம்புட்டுப் பேரும் எதிர்க் கம்பெனி வாசல்ல நின்னிருப்பாக. கெடுத்ததும் அந்த எளுத்துதான், காப்பாத்துனதும் அந்த எளுத்துதான்."

"முதலாளி, இந்த மனுவை என்ன செய்வது?" என்றார் சீனிவாசகம். "பெயரை மட்டும் திருத்தினால் போதும்."

"கிளிச்சுப் போடுய்யா!"

சீனிவாசகம் கிழித்தார். அதையும் நேர்க்கோட்டில் கிழித்தார். முதலாளி வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து, "சரி சரி, போய் வேலையைப் பாரு தாயி" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

பாண்டிச்செல்வி நகரவில்லை. காலையிலிருந்து தேக்கி வைத்திருந்த அழுகை இப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ளாமலே பேசினாள்.

"திருடின்னீக. எங்க அக்கா மாப்பிள்ளையை இளுத்தீக. எங்கம்மாவை வெயில்ல நிப்பாட்டுனீக. நான் வேலையைப் பாக்குறேன் மொதலாளி. ஆனா இனிமே எங்கிட்ட எதுன்னாலும் எளுதிக் குடுங்க. வாயால சொல்லாதீக."

முதலாளி ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் நாலு பேர் முன்னால் தணிந்து போய் அவருக்குப் பழக்கமில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய், எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, வாயருகே வைத்துக் குசுகுசுவென்று ஏதோ சொன்னார். குசுகுசுவென்று சொல்லவும் அவருக்கு வராது. பாதி அறைக்குக் கேட்டது.

பாண்டிச்செல்வியின் போன் அதிர்ந்தது. அவள் தோளுக்கு மேலாக மொக்கைச்சாமி எட்டிப் பார்த்தான்.

பாண்டிச்செல்வி தப்பு என்னோடது மன்னிப்பு அழிக்கவும் சீனிவாசகம் அங்க என்ன பார்வை

மொக்கைச்சாமி வாயைத் திறந்தான். அவனுடைய வாழ்நாளிலேயே சிறந்த ஜோக் அப்போது அவன் நாக்கு நுனியில் இருந்தது. லட்சுமிகாந்தம் அவன் காலை அழுத்தி மிதித்தார். வாயை மூடிக்கொண்டான்.

பாண்டிச்செல்வி அதை இரண்டு தரம் படித்தாள். ஜன்னலோரம் நின்ற முதுகைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். "என்னத்தா போட்டிருக்கு?" என்று குருவம்மாள் கேட்டாள். பாண்டிச்செல்வி கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டி அனுப்பினாள்.

முதலாளியின் போன் அதிர்ந்தது. அவர் படித்தார். படித்துவிட்டு, நம்பிக்கை இல்லாமல், யாரிடம் கேட்பது என்று பார்த்து, கடைசியில் சீனிவாசகத்திடம் நீட்டினார்.

"இது எந்த 'ள' ய்யா?"

திரையில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அளிக்கப்பட்டது.

"சரியான 'ள' முதலாளி" என்றார் சீனிவாசகம். "முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறாள்."